திருமஞ்சன நீர் போன வழி

மாடவூர்க் கோயில் மதிலுக்கு வெளியே வாய்க்காலில் தூர்வாருவது சாம்பனாரின் தொழில். அவர் குலத்தார் மதிலைத் தாண்டி உள்ளே போகக்கூடாது. ஆனால் மதிலில் ஒரு துளை இருந்தது. காலைதோறும் சுவாமியை நீராட்டிய நீர் அதன் வழியே சந்தனம் மணக்க வெளியே வழியும். அதை உள்ளங்கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொள்வார். அவருக்கு வாய்த்த தரிசனம் அவ்வளவுதான்.

"சாக்கடையக் கும்பிடுறியே, என்னத்தக் கண்ட?" என்று ஊரார் கேலி பேசுவார்கள்.

"சாமி குளிச்சாரான்னு தெரிஞ்சாப் போதுங்க" என்பார் அவர்.

ஒருநாள் நீர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. உள்ளே மேளம் கேட்டது. துளை மட்டும் காய்ந்து கிடந்தது. சுவாமி தன்னை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார் என்றே அந்த அப்பாவி நினைத்துக்கொண்டார்.

அழுத முகத்தோடு தூர்வாரியவருக்கு ஓரிடத்தில் மண்ணுக்குள்ளிருந்து அதே சந்தன மணம் வந்தது. தோண்டினார். கீழே செங்கல் வளைவும், குனிந்து போகும் அளவுக்கு ஒரு சுரங்கமும் தெரிந்தன. பழைய போர்க்காலத்தில், தேரில் உலா வரும் உற்சவரின் செப்புத் திருமேனியை ஊருக்கு அடியில் ஒளித்துவைத்தார்கள். ஒளித்தவர்கள் போரில் மாண்டார்கள், வழியும் மறந்துபோயிற்று. அன்று முதல் ஊர்த்தேர் வெறும் மாலையைச் சுமந்துதான் ஓடியது.

விளக்கோடு இறங்கிய சாம்பனார் துளைக்கு வராத திருமஞ்சன நீர் கூரை விரிசலில் சொட்டுவதைக் கண்டார். அது விழுந்த இடத்தில் அந்த உற்சவர் நனைந்து நின்றார்.

"இங்கயா குளிச்சிட்டிருக்கீங்க?" என்று கேட்டு, வாழ்நாளில் முதன்முறையாகச் சுவாமியின் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

சொன்னால் சுவாமி மதிலுக்குள் போய்விடுவார். பிறகு அந்த முகம் கிடைக்காது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மனம் கிடந்து அடித்துக்கொண்டது. கடைசியில் எழுந்துபோய், "தேர்ல ஏற வேண்டியவருங்க, இருட்டுல நிக்கலாமா?" என்று குருக்களிடம் சொல்லிவிட்டார்.

திருமேனியைத் தோளில் சுமந்து வந்தவர்களுக்குக் கோயில் வாசலில் ஓரடிகூட எடுத்துவைக்க முடியவில்லை. அப்போது எல்லார் காதிலும் ஒரு குரல் கேட்டது:

"நான் குளித்தேனா என்று கேட்டவன் வெளியே நிற்கிறான். நான் மட்டும் உள்ளே வருவதா?"

குருக்கள் கண் கலங்கி, "சாம்பா, வந்து தோள் குடுப்பா" என்றார்.

சாம்பனார் தோள் கொடுத்தார். பூக்கூடையைத் தூக்கியது போலிருந்தது. சுவாமியும் அவரும் சேர்ந்தே வாசலைக் கடந்தார்கள். கையளவு நீரில் கடவுளைக் கண்டு, அவரை ஊருக்கே கொடுத்த அந்த நல்லவரின் திருவடிகள் நம் தலைமேல் இருக்கட்டும்.