வலிக்காது என்று சொன்ன முள்ளம்பன்றி

ஆற்றங்கரை மூங்கில் காட்டில் பூவரசி என்ற புள்ளிமான் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். கெட்டுப்போன குட்டைத் தண்ணீரைக் குடித்ததால் வாந்தி, பேதி. அதற்குப் பிறகு எதைக் குடித்தாலும் வயிற்றில் தங்கவில்லை. மான் கூட்டமோ அக்கரைப் புல்வெளிக்குப் போய்விட்டது. அவள் குட்டி துள்ளியும் கூடவே போய்விட்டான்.

பூவரசியின் கண் அக்கரையை விட்டு நகரவே இல்லை. மாலையானால் துள்ளி கரைக்கு வந்து கூப்பிடுவான். பதில் குரல் கொடுக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பிள்ளையை ஒருமுறை நக்கிக் கொடுத்தால் போதும் என்று மனசு கிடந்து தவித்தது. மேற்கே மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. வெள்ளம் வந்துவிட்டால் மழைக்காலம் முடியும்வரை ஆற்றைக் கடக்க முடியாது.

விடிந்ததும் காட்டு வைத்தியர் முள்ளப்பன் என்ற முள்ளம்பன்றி வந்தார். தன் வாலிலிருந்து துளையுள்ள முள் ஒன்றைப் பிடுங்கினார். அதை நரம்பில் செருகி இளநீர் ஏற்றுவதில் அவர் பெரிய கெட்டிக்காரர் என்று பெயர்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு குரங்குகள் நோயாளியை அமுக்கிப் பிடிக்கும். வைத்தியர் "வலிக்கவே வலிக்காது!" என்பார். உடம்பெல்லாம் முள் இருந்தும் ஒரு முள்கூட அவரைக் குத்தியதில்லை. பாவம், அவருக்கு என்ன தெரியும்!

"வலிக்காதும்மா! எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது! ஆடாதே!"

நறுக்கென்று குத்தினார். பூவரசி அலறிக்கொண்டு காலை உதறினாள். முள் தெறித்தது. இளநீர்க் குடுக்கை கவிழ்ந்தது.

"ஆடாதேன்னு சொன்னேனே!"

"வலிக்காதுன்னு சொன்னீங்களே!"

குரங்குகள் வேறு இளநீர் தேடிப் போய்வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. மறுபடி முள்ளைக் கண்டதுமே பூவரசியின் உடம்பு சில்லிட்டது. நரம்பு உள்ளே ஒளிந்துகொண்டது. முள்ளப்பன் இங்கும் அங்கும் குத்திப் பார்த்தார்.

"உனக்கு நரம்பே இல்லையே!" என்று அவள்மேலேயே பழியைப் போட்டார்.

பூவரசிக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது.

"வைத்தியரே, உண்மையைச் சொல்லுங்க. வலிக்குமா, வலிக்காதா?"

முள்ளப்பன் முள்ளைக் கீழே வைத்தார். இதுவரை யாரும் அவரை இப்படிக் கேட்டதில்லை.

"வலிக்கும்மா. நுழையும்போது சுருக்குனு வலிக்கும். உள்ளே போயிட்டா அடங்கிடும்."

"அவ்வளவுதானே! காலையிலேயே சொல்லியிருந்தா பல்லைக் கடிச்சிருப்பேனே! இந்தக் குரங்குகளை விடச் சொல்லுங்க. வெயில்ல என் காலை நீட்டிக்கிறேன். குத்துறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுவரைக்கும் என் பிள்ளையைப் பத்திக் கேளுங்க."

வெயில் பட்டதும் கால் இளகியது. நரம்பு மெல்லப் புடைத்தது.

"உன் பிள்ளை எப்படி இருப்பான்?"

"இடது காதுல ஒரு கிழிசல். பால் குடிக்கும்போது முட்டிக்கிட்டே இருப்பான்."

"இதோ, இப்போ குத்தப்போறேன்."

"சரி. தூக்கத்துலயும் காலை உதைப்பான்..."

முள் இறங்கியது. அவள் கண்ணில் நீர் முட்டியது. கால் அசையவில்லை.

இளநீர் சொட்டுச் சொட்டாக ஏறியது. மாலையில் பூவரசி எழுந்து தள்ளாடிக் கரைக்கு நடந்தாள். அதற்குள் ஆறு செந்நீராக இரு கரையும் புரண்டு ஓடிக்கொண்டிருந்தது.

"மத்தியானம் வரைக்கும் முழங்கால் தண்ணிதானே இருந்தது! விடிஞ்சதுமே இளநீர் ஏறியிருந்தா கடந்திருக்கலாமே!" என்றது ஒரு குரங்கு. முள்ளப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கரையில் துள்ளி நின்றான்.

"அம்மா! இப்பவே வந்துடுவியா? இல்லேன்னா நான் வரட்டுமா?"

அவன் முன்கால் தண்ணீரில் இருந்தது. 'இதோ வந்துட்டேன்' என்ற சொல் பூவரசியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"இப்போ வர முடியாது கண்ணு! வெள்ளம் வடிய ரொம்ப நாளாகும். நமக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா தினமும் இங்கே வந்து நிப்பேன். நீ தண்ணியில இறங்காதே!"

துள்ளி ஓவென்று அழுதான். அழுதுகொண்டே காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். இருட்டும்வரை தாயும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

வலிக்காது என்று பொய் சொன்னால் ஒரு வலி பல வலியாகும். வலிக்கும் என்று சொல்லிக் கூடவே நின்றால், அதைத் தாங்கும் பலம் தானே வரும்.