கொக்குக்குப் பயப்படாத மீன்

மலையடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. மடத்தை ஒட்டி ஒரு ஓடை. அந்த மடத்து மருந்து அறை பூங்காவனத்தம்மாள் பொறுப்பில் இருந்தது.

வீட்டில் யாராவது இறந்துபோனால், மிச்சமிருக்கும் மாத்திரைகளைச் சுற்றுவட்டாரத்தார் மடத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். செத்தவர் மருந்து வீட்டில் தங்கினால் நோயும் தங்கும் என்று அவர்களுக்கு நம்பிக்கை. நல்லதை, மடத்துக்கு வரும் டாக்டர் பார்த்துப் பிரித்து ஏழைகளுக்குக் கொடுப்பார். நாள் கடந்தது பூங்காவனத்திடம் வரும். அதைக் குப்பையில் போட அவளுக்கு மனம் வராது. ஓர் உயிரைப் பிடித்து வைத்திருந்த பொருள் காலில் மிதிபடலாமா? கிழிந்த சாமி படத்தையும் வாடிய மாலையையும் ஓடுகிற தண்ணீரில் விடுவதில்லையா? அப்படித்தான் அவளும் செய்தாள். வெள்ளிக்கிழமை காலையில் மாத்திரைகளைப் பொடித்து, பித்தளைக் குடத்தில் மஞ்சளோடு கரைத்து, படித்துறையில் விட்டுக் கும்பிட்டு வருவாள்.

அவளுக்கு எதற்கெடுத்தாலும் பயம். பல்லி கத்தினால் பயம், கத்தாவிட்டால் அதற்கும் பயம். இப்போது பெரிய பயம் ஒன்று வந்திருந்தது. ஓடை போகும் வழியில் கீழே இருந்த கீழூரில் அவள் மகள் கனகவல்லிக்கு நிறைமாதம். முன்பு ஒன்று தங்காமல் போயிருந்தது.

"பெத்துக்கப் போறவ அவ. வலி உனக்கா வந்திருக்கு?" என்று சமையல்கார ஆண்டியப்பன் கேலி செய்தார்.

ஒரு சனிக்கிழமை காலை அவள் மடத்துத் தலைவரான சாமியிடம் போய் நின்றாள். சாமி அவளைவிட வயதில் சின்னவர். அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"சாமி, பயமே இல்லாம இருக்க ஒரு மந்திரம் சொல்லுங்க."

"எதுக்கும்மா?"

"சோறு இறங்கலை. கண்ணை மூடினா அவ முகந்தான். நம்ம அறையிலேயே பயத்துக்கு ஒரு மாத்திரை நிறைய வந்து கிடக்கு. ஒண்ணைப் போட்டுக்கலாமான்னுகூடத் தோணிடுச்சு."

"அந்த மாத்திரையை நேத்து கரைச்சீங்களா?"

"நாள் போனதை எல்லாம் கரைச்சேன் சாமி."

சாமி எழுந்தார். "வாங்க. பயமில்லாதவங்களைக் காட்டுறேன்."

படித்துறைக்கு அவர் இறங்கவில்லை. அதைத் தாண்டி மேலே, தண்ணீர் வரும் பக்கமாக நடந்தார். பாறையிடுக்கில் ஒரு சிறு மடு. கெண்டைக் குஞ்சுகள் கூட்டமாக நின்றன.

"கையை நீட்டுங்க."

நீட்டினாள். நிழல் விழுந்ததும் கொட்டிய கடுகு மாதிரி மீன்கள் சிதறி மறைந்தன.

"பாவம், பயந்துடுச்சு" என்றாள்.

சாமி திரும்பி நடந்தார். படித்துறையைக் கடந்து கீழே போனார்கள். அங்கேயும் ஒரு மடு. நடுவில் ஒரு கொக்கு. அது ஒற்றைக் காலில் காத்திருக்கவில்லை. களத்தில் நெல் பொறுக்கும் கோழியைப் போலக் கொத்திக்கொண்டே இருந்தது. அதன் காலைச் சுற்றியே மீன்கள் மேய்ந்தன. ஒரு மீனைக் கொக்கு விழுங்கியபோதும் பக்கத்திலிருந்த மீன் நகரவில்லை.

"கையை நீட்டுங்க."

அவள் தயங்கி நீட்டினாள். மீன்கள் நிழலுக்குள் வந்தன. சாமி குனிந்து ஒன்றை அள்ளி அவள் உள்ளங்கையில் வைத்தார். அது துள்ளவில்லை. கண் திறந்தபடி கிடந்தது.

"செத்துடுச்சா சாமி?"

"இல்லை. தண்ணியில விடுங்க."

விட்டாள். அது ஓடவில்லை. அவள் விரலை ஒட்டியே நின்றது. கொக்கு இரண்டு எட்டு வைத்து வந்து, விரலுக்குப் பக்கத்திலிருந்தே அதை எடுத்துக்கொண்டு போனது.

பூங்காவனம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"மேலே இருக்கிறதும் இதே மீன்தானே? இது ஏன் இப்படி?"

"மேலேயும் இதே மீன்தான். இதே ஓடைதான். நடுவுல நம்ம படித்துறை இருக்கு."

அவள் படித்துறையைத் திரும்பிப் பார்த்தாள். கடைசிப் படியில் நேற்றைய மஞ்சள் இன்னும் ஒட்டியிருந்தது. மழை பெய்தும் இந்த வருஷம் தவளைச் சத்தமே கேட்கவில்லை என்று ஆண்டியப்பன் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஓடுற தண்ணிக்குத் தோஷம் இல்லேன்னு சொல்வாங்களே சாமி?"

"தண்ணிக்கு இல்லைம்மா."

"கும்பிட்டுத்தானே விட்டேன்!"

"குடத்துக்குத் திருநீறு பூசினது நான்."

அவள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. அதில் கரைத்தது மட்டும் தெரியவில்லை. வளைந்து, தாழம்புதருக்குப் பின்னால் மறைந்து, தண்ணீர் கீழூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"கனகவல்லி வீட்டுல ஓடை மணல்ல ஊத்து தோண்டித்தான் குடிக்கிறாங்க" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவள் சாமியை நிமிர்ந்து பார்த்தாள்.

"வயித்துல இருக்கிறதுக்கு என்ன ஆகும் சாமி?"

"எனக்குத் தெரியாதும்மா."

"இன்னைக்கே நிறுத்திடறேன். குடத்தைக் கவிழ்த்து வச்சுடறேன். நேத்து விட்டதை என்ன பண்றது? அதை எப்படித் திரும்பப் பிடிக்கிறது?"

கொக்கு இன்னொரு மீனை எடுத்தது.

அவள் எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சாமி, எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கரையோரம் கீழூர்ப் பாதையில் இறங்கினார்.

"அந்தப் பயத்தையும் கூட்டிக்கிட்டு வேகமா நடங்கம்மா. தண்ணி நமக்கு முன்னாடியே கிளம்பிடுச்சு."