மன்னரைத் தாலாட்டிய மந்திரி

வெகு காலத்துக்கு முன்னால் நெடுவயல் நாட்டை விசயகண்டர் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். கோபம் வந்தால் கட்டளை போடுவார், சந்தோஷம் வந்தாலும் கட்டளை போடுவார். இரண்டுக்கும் நடுவில் யோசிக்கிற வழக்கம் மட்டும் அவருக்குக் கிடையாது.

அவருக்கு ஒரு மகன் பிறந்தான். மூன்று மாதக் கைக்குழந்தை. இரவில் எப்படியோ தூங்கிவிடுவான். பகலில் கண்ணை மூடினானோ இல்லையோ, வீறிட்டு எழுந்துவிடுவான். மகாராணி செங்கமலம் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து நடந்து பாதி ஆளாகிவிட்டாள்.

அரண்மனையில் அகண்டராயர் என்று ஒரு சடங்கதிகாரி இருந்தார். ராஜா தும்மினால்கூட எந்த வாத்தியம் வாசிக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிற ஆசாமி. இளவரசனைத் தூங்கவைக்கும் ஏற்பாடும் அவருடையதுதான். மந்திரி கூத்தரையரைக் கண்டால் அவருக்கு வயிறு எரியும். மகாராணி அந்த மந்திரியின் தங்கை மகள், அதனால் அவளைக் கண்டாலும் எரியும்.

ஒருநாள் சபை நடுவே அகண்டராயர் எழுந்தார்.

"அரசே, குறை தாய்ப்பாலில்தான் இருக்கிறது. மகாராணியின் பாலில் உஷ்ணம் அதிகம். அவரைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிட்டு, இளவரசருக்கு வேறு பால்தாயை அமர்த்துவதே முறை."

சபைக்குத் தூக்கிவாரிப் போட்டது. ராஜாவோ சட்டென்று கையை உயர்த்தினார். "அப்படியே ஆகட்டும்! நாளை மாலைக்குள் என் பிள்ளை பகலில் தூங்காவிட்டால் மகாராணி கிளம்ப வேண்டியதுதான். பிள்ளை இங்கேயே இருப்பான்!"

பால் குடிக்கிற பிள்ளையைத் தாயிடமிருந்து பிடுங்குவதாம்! "ஐயோ மாமா!" என்று திரைக்குப் பின்னாலிருந்து மகாராணி அலறியது சபை முழுக்கக் கேட்டது.

கூத்தரையர் மெதுவாக எழுந்தார். "அரசே, குறை பாலிலா, தூங்கவைக்கும் ஏற்பாட்டிலா என்று சோதித்துவிடலாமே. நாளை மதியம் இளவரசருக்குச் செய்கிற உபசாரமெல்லாம் தங்களுக்கு நடக்கட்டும். தாங்கள்தான் தாய்ப்பால் குடிப்பதில்லையே! தாங்கள் சுகமாகத் தூங்கிவிட்டால் ஏற்பாடு சரி, பால்தான் குற்றவாளி. நானும் பதவியை விட்டுவிட்டு மகாராணியோடு கிளம்பிவிடுகிறேன்."

அகண்டராயருக்கு வாயெல்லாம் பல். "என் ஏற்பாட்டிலா குறை? நடக்கட்டும்! ஆனால் அதே ஆட்கள், அதே மேளம், அதே அத்தைமார்கள் எல்லாரும் மன்னரிடம் வரவேண்டும். ஒருவர் குறைந்தாலும் சோதனை செல்லாது!"

"தாங்கள் சொன்னால் சரி" என்று மந்திரி தலையாட்டினார்.

மறுநாள் மதியம் ராஜா சாப்பிட உட்கார்ந்தார். குழம்புச் சாதம் பாதிகூட முடியவில்லை, 'டங்' என்று மணி அடித்தது. பணிப்பெண்கள் ஓடிவந்து இலையை உருவினார்கள்.

"அடியே! எனக்கு இன்னும் பசி அடங்கவில்லை!"

"மணி அடித்தால் பால் நிறுத்தம், அரசே. இளவரசருக்கும் இதே விதிதான்" என்றார் அகண்டராயர் பெருமையாக.

ராஜா அரை வயிற்றோடு போய்ப் படுத்தார். கண் சொருகியது. உடனே கட்டியக்காரன் காதருகில் நின்று கத்தினான்: "ராஜாதி ராஜர் துயில் கொள்கிறார்! பராக்! பராக்!" சங்கு முழங்கியது, முரசு அதிர்ந்தது. ராஜா கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தார்.

மறுபடி படுத்தார். அத்தைமார் கூட்டம் உள்ளே புகுந்தது. "மூக்கு அப்படியே பெரியவர் மூக்கு!" என்று ஒருத்தி கன்னத்தைக் கிள்ளினாள். "எங்கே, சிரி பார்ப்போம்!" என்று இன்னொருத்தி முகவாயைப் பிடித்து ஆட்டினாள்.

பிறகுதான் சிற்றரசர்கள் இளவரசரைக் கையில் வாங்கிக் கொஞ்சும் சடங்கு. ராஜாவைத் தூக்க அவர்களால் ஆகுமா? மல்லர்களை வரவழைத்திருந்தார் மந்திரி. அவர்கள் ராஜாவை அலாக்காகத் தூக்கி ஆளுக்கு ஆள் கைமாற்றினார்கள். முடிதரித்த மன்னரை மூட்டை போல வீசுவதா! சுற்றி நின்றவர்களுக்குத் திறந்த வாய் மூடவில்லை. கூத்தரையர் மட்டும் பக்கத்தில் நின்று, "ஆராரோ ஆரிரரோ" என்று பாடினார்.

ராஜா வீறிட்டார். நிஜமாகவே அழுதுவிட்டார்.

"நிறுத்துங்கள்! அடப்பாவிகளா, இதையா தினமும் என் பிள்ளைக்குச் செய்கிறீர்கள்?"

முரசும் கூச்சலும் அடங்கின. அப்போதுதான் ராஜாவுக்கு உறைத்தது. குழந்தை அழும் சத்தம் எங்குமே கேட்கவில்லை. "என் மகன் எங்கே? அவனுக்கு என்ன ஆயிற்று?" என்று பதறி அந்தப்புரத்துக்கு ஓடினார். கூட்டமும் பின்னால் ஓடியது.

கதவைத் திறந்தால் அறையில் லேசான இருட்டு. ஜன்னல் திரைகள் இறங்கியிருந்தன. தொட்டில் பக்கத்தில் மகாராணி உதட்டில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே இளவரசன் கைமுஷ்டி தளர்ந்து, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

ராஜா தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார்.

"கண்ணைக் கசக்கினான், மடியில் போட்டேன்" என்று மகாராணி கிசுகிசுத்தாள். "மணி அடிக்க ஆளில்லை. வயிறு நிறையக் குடித்தான், குடித்தபடியே சொக்கிப்போனான். தொட்டிலில் விட்டு மெல்லத் தட்டினேன், அவ்வளவுதான். எல்லாரும்தான் உங்களிடம் வந்துவிட்டார்களே!"

அகண்டராயருக்கோ பழக்கதோஷம். மூச்சை இழுத்து, "இளவரசர் துயில்..." என்று ஆரம்பித்தார். ராஜா பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார்.

"உம்மை எல்லார் முன்பும் கேட்கிறேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "தாய்ப்பாலையா பழித்தீர்? இவன் பால்குடி மறக்கும்வரை தினமும் மதியம் இந்த வாசலில் உட்கார்ந்து காக்கை ஓட்டும். வாய் திறக்கக் கூடாது!"

பிறகு தன் கழுத்து ஆரத்தைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார்.

கூத்தரையர் கும்பிட்டார். "அரசே, மகாராணிக்கு என்ன வேண்டும் என்று இதுவரை யாருமே கேட்கவில்லையே."

ராஜா திடுக்கிட்டுத் திரும்பினார். "தேவி, என் புத்தி கெட்டுப்போயிற்று. உனக்கு என்ன வேண்டும், சொல்."

தொட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் தலை சாய்த்து, உட்கார்ந்தபடியே அவள் தூங்கிப்போயிருந்தாள்.

ராஜா சத்தம் வராமல் குனிந்து, நடந்தால் ஒலிக்கும் வீரக்கழலைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்து வெளியே போனார். நெடுவயலில் அதற்குப் பிறகு மதிய நேரத்தில் ராஜாவின் சத்தம் யார் காதிலும் விழவில்லையாம்.