வாகை மரத்தில் வந்த இனிய சத்தம்

"டொக்... டொக் டொக்... டொக்!"

அந்தக் காட்டில் விடியல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்கு வந்துவிடும். முதலில் இந்தச் சத்தம். அப்புறம் கொஞ்சம் வெளிச்சம். அதற்கும் அப்புறம்தான் சத்தத்துக்குச் சொந்தக்காரன் தெரிவான். சிவப்புக் கொண்டை, பொன்னிற முதுகு, உளி மாதிரி ஓர் அலகு. அவன்தான் மரங்கொத்தி கொண்டையன்.

குளத்தைச் சுற்றி நின்ற மரங்களை எல்லாம் அவன்தான் பார்த்துக்கொண்டான். தினமும் காலையில் ஒரு சுற்று வருவான். மரத்தில் தொற்றிக்கொண்டு நாலு தட்டுத் தட்டுவான். தலையைச் சாய்த்துக் கேட்பான். 'கிண்' என்று வந்தால் மரம் சுகமாக இருக்கிறது. சத்தம் கொஞ்சம் உள்வாங்கினால் எங்கோ புழு குடியிருக்கிறது. உடனே கொத்தித் துளைத்து, புழுவை இழுத்து விழுங்கிவிடுவான். அவனுக்கு வயிறு நிறையும். மரத்துக்கு நோய் தீரும்.

"கொண்டையண்ணே, எங்க மரம் எப்படி இருக்கு?" என்று பொந்துக்குள்ளிருந்து கிளி கேட்கும்.

"கல்லு மாதிரி இருக்கும்மா! பயப்படாம முட்டை வை!"

அவன் அப்படி ஒரு வார்த்தை சொன்னால்தான் மரத்தில் இருப்பவர்களுக்குக் காலைப்பொழுது தொடங்கும். வெயில் ஏறியதும் குளத்தில் இறங்கி இறகு நனையக் குளிப்பான். புங்க மர நிழலில் ஒரு குட்டித் தூக்கம் போடுவான். சாயங்காலம் இன்னும் சில மரங்கள். இருட்டினால் உறக்கம். குறை ஒன்றும் இல்லை.

ஆனால் மனசுக்குள் ஓர் அரிப்பு இருந்தது. 'வாழ்நாள் முழுக்கக் கேட்பதற்காகவே தட்டுகிறோமே! தட்டுவதற்காகவே ஒரு நாள் தட்டிப் பார்த்தால் என்ன?'

ஒரு நாள் மழை விட்ட சாயங்காலம் பார்த்தும்விட்டான்.

"டொக்கு டக டக... டொக்கு டக!"

கீழே புதருக்குள் தவிட்டுக்குருவிக் கூட்டம் வழக்கம்போலச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டதும் எல்லாமே வாயை மூடிக்கொண்டன. அத்தனை தவிட்டுக்குருவிகளும் ஒரே நேரத்தில் வாயை மூடியது அந்தக் காட்டில் அதுதான் முதல் தடவை!

"அடியே, யாருடி அது?"

"நம்ம கொண்டையண்ணன்டி!"

"அண்ணே! அண்ணே! இன்னொரு தடவை அண்ணே!"

கொண்டையனுக்குக் கொண்டை சிலிர்த்தது. கிளையில் உட்கார்ந்திருந்த ஓணான் மெதுவாகத் தலையை ஆட்டினார். மேலே ஒரு ஆட்டு, கீழே ஒரு ஆட்டு. 'ஆகா, ஓணானே சொக்கிப்போய்விட்டாரே!' என்று நினைத்துக்கொண்டான் கொண்டையன்.

அன்றே முடிவு செய்துவிட்டான். இனிமேல் தாளம்தான் அவன் தொழில்.

மறுநாள் தாளத்துக்கு ஏற்ற மரம் தேடிப் புறப்பட்டான். வேம்பு கட்டையாக ஒலித்தது. நாவல் முரடாக ஒலித்தது. கடைசியில் குளக்கரை வாகையைத் தட்டினான். குடத்துக்குள் யாரோ பாடுவதுபோல ஓர் ஆழம், ஓர் இனிமை!

அந்த வாகையின் பொந்தில்தான் மூவரி இருந்தாள். முதுகில் மூன்று கோடு போட்ட அணில். இலவம்பஞ்சு மெத்தை மேல் அவளுடைய மூன்று குட்டிகள் கிடந்தன. அன்றுதான் பிறந்தவை. இன்னும் கண் திறக்கவில்லை.

"என்னண்ணே, இன்னைக்குச் சுத்து இந்தப் பக்கமிருந்தா?" என்றாள் மூவரி.

"சுத்தெல்லாம் இனிமே கிடையாது தங்கச்சி. நான் தாளக்காரன் ஆயிட்டேன்!"

"சந்தோஷம். அப்ப மரத்தையெல்லாம் யாரு பார்ப்பா?"

"புழுவைக் குத்தித் தின்னுறதெல்லாம் ஒரு பிழைப்பா?"

"அதைத் தின்னுதானேண்ணே இத்தனை நாளும் கொண்டை சிவந்து நின்னுது?"

கொண்டையன் சிரித்தான். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து காலைச் சுற்று நின்றது. கிளி பொந்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடும். குளியலும் நின்றது. "குளிக்கிற நேரத்துக்கு ஒரு தாளம் பழகலாமே!" பசித்தால் கீழே கிடக்கும் புளித்த நாவல் பழத்தை ஒரு வாய் விழுங்கிக்கொள்வான். தலை கிறுகிறுக்கும். அதையும் தாள மயக்கம் என்று எடுத்துக்கொண்டான். தூக்கம் வந்தால் அலகை மரத்தில் இடித்து இடித்து விரட்டினான். தூங்காதவனுக்கு உலகம் விசித்திரமாகத் தெரியும். தப்பெல்லாம் அழகாகத் தெரியும்; நல்லது சொல்பவர் முகமெல்லாம் கடுகடுப்பாகத் தெரியும்.

வாகையின் சத்தம் நாளுக்கு நாள் இனித்தது. முந்தின நாளைவிட ஆழம் கூடிக்கொண்டே போனது.

"பார்த்தியா தங்கச்சி! என் அலகு எப்படித் தேறிடுச்சு!"

மூவரி அவனை மேலும் கீழும் பார்த்தாள். இறகெல்லாம் பிசுபிசுத்துக் கிடந்தது. கழுத்து ஒட்டிப்போயிருந்தது. கொண்டை காய்ந்த பூ மாதிரித் தொங்கியது.

"உங்க தாளம் நல்லாத்தான் இருக்கு. நீங்கதாண்ணே நல்லா இல்லை."

"உனக்கு ரசனை இல்லை. ஓணான் ஐயாவைப் பாரு, எப்படித் தலையாட்டுறார்!"

ஓணான் தலையாட்டினார்.

தவிட்டுக்குருவிகள் காடு முழுக்கப் பறந்து செய்தி சொல்லிவிட்டன. வாகை மரத்தில் கொண்டையண்ணன் கச்சேரி! நாளை மறுநாள் சாயங்காலம்! எல்லாரும் வாங்க!

கொண்டையனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு பொட்டுகூடக் கண் மூடாமல் பழகினான். கச்சேரிக்கு முந்தின நாள் உச்சி வெயிலில், "டொக்கு டக..." என்று தொடங்கியவன் முடிக்கவில்லை. நகம் நழுவியது. மரத்திலிருந்து பழுத்த இலை மாதிரி விழுந்தான்.

மூவரிதான் ஓடி வந்தாள். வாலால் விசிறினாள். குளத்துப் பாசியை ஈரத்தோடு அள்ளி வந்து அவன் அலகில் பிழிந்தாள். எங்கோ போய் எறும்பு முட்டை கொண்டுவந்து ஒவ்வொன்றாக ஊட்டினாள். பிள்ளைகளுக்குப் பாதி, அவனுக்குப் பாதி என்று அன்று அவள் நேரம் போயிற்று.

"கச்சேரி..." என்று முனகினான் கொண்டையன்.

"கச்சேரி எங்கயும் ஓடிடாது. இப்பக் கண்ணை மூடுங்க. மூடலேன்னா வாலாலேயே அடிப்பேன்!"

கண்ணை மூடினான். மூடியவன் மறுநாள் விடியும் வரை அசையவில்லை.

எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது. மூவரி குளத்தைக் கைகாட்டினாள். மறுபேச்சுப் பேசாமல் போய்க் குளித்தான். தண்ணீர் முதுகில் பட்டதும், 'இத்தனை நாள் இதை எப்படி மறந்தோம்?' என்று தோன்றியது. கரையேறியவன், பழக்க தோஷத்தில், பக்கத்திலிருந்த வேம்பில் தொற்றி நாலு தட்டுத் தட்டினான். தலையைச் சாய்த்தான்.

'கிண்.'

அதே கையோடு புங்கனைத் தட்டினான். நாவலைத் தட்டினான். இரண்டு புழு கிடைத்தது. கிளி எட்டிப் பார்த்தது.

"அண்ணே! வந்துட்டீங்களா! எங்க மரம் எப்படி?"

"கல்லு மாதிரி இருக்கும்மா!" என்றான் கொண்டையன்.

அப்படியே சுற்றி வந்தவன் கடைசியாக வாகையில் வந்து உட்கார்ந்தான். நாலு தட்டு. தலையைச் சாய்த்துக் கேட்டான்.

குடத்துக்குள் யாரோ பாடுவதுபோல ஓர் ஆழம், ஓர் இனிமை.

கொண்டையனின் இறகெல்லாம் குத்திட்டு நின்றன.

குடம் எதனால் பாடுகிறது? உள்ளே ஒன்றும் இல்லாததால்தானே! இது மரத்தின் சத்தம் இல்லை, புழு குடைந்த பொந்தின் சத்தம். முட்டை ஓட்டை உடைத்து வந்த மரங்கொத்திக் குஞ்சுக்குக்கூடத் தெரிந்த பாடம் இது. தொடக்கத்தில் அங்கே இருந்தது கொஞ்சம் புழு. ஒரே காலையில் தீர்த்திருக்கலாம். அவனோ புழுக்கள் மரத்தைத் தின்னத் தின்ன, சத்தம் இனிக்குது, இனிக்குது என்று மேலே உட்கார்ந்து தாளம் போட்டிருக்கிறான்!

அதே நேரம் ஆடிக் காற்று கிளம்பியது. வாகை ஒரு முறை முனகியது.

"தங்கச்சி! வெளியே வா! குட்டிகளைத் தூக்கிட்டு வா! மரம் உள்ளே ஒண்ணுமே இல்லை!"

கச்சேரிக்கு இடம் பிடிக்கக் காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்த தவிட்டுக்குருவிகள் கொல்லென்று சிரித்தன.

"அடியே, அண்ணன் கச்சேரிக்குப் பயந்துட்டார்டி!"

"ஓணான் ஐயா, நீங்களாவது இறங்குங்க!" என்று கத்தினான் கொண்டையன். ஓணான் தலையாட்டினார். தலையாட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் கொண்டையனுக்கு விளங்கியது. வாலைக் கவ்வி ஓணானைப் புதருக்குள் வீசினான்.

மூவரி ஒரு கேள்வி கேட்கவில்லை. அவன் மறுபடி மரங்களைத் தட்டிக் காலைச் சுற்று வந்ததைப் பார்த்தவள் அவள். ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வேம்புக்கு ஓடினாள். திரும்பி வந்து இரண்டாவதைக் கவ்வினாள். மூன்றாவதுக்கு வருவதற்குள் பொந்தின் அடித்தளம் பொடிந்துவிட்டது. மரத்தின் வயிற்றுக்குள், கீழே எங்கோ குட்டி விழுந்தது.

"அண்ணே! கை எட்டலை! என் புள்ளை தெரியலை!"

காற்று இன்னும் ஓங்கியது. வேர்ப்பக்கம் மண் வெடித்தது. தவிட்டுக்குருவிகள் சிரிப்பை நிறுத்திவிட்டு அலறிக்கொண்டு பறந்தன.

கொண்டையன் அடிமரத்தில் தொற்றினான். தட்டினான், கேட்டான். கீழே இறங்கித் தட்டினான், கேட்டான். ஓர் இடத்தில் சத்தம் கொஞ்சம் அடைத்தது. மெத்தென்று ஏதோ உள்ளே கிடக்கிறது!

"இங்கதான் இருக்கு!"

துளைக்க ஆரம்பித்தான். நேற்றைய கொண்டையனாக இருந்தால் பத்துக் கொத்துக்குள் மயங்கியிருப்பான். தூங்கி எழுந்த கழுத்து இன்று தாங்கியது. பட்டை பறந்தது. சிராய் பறந்தது. ஓட்டை விழுந்தது. ஆனால் குட்டி வரவில்லை. கண் திறக்காத பிள்ளை பயத்தில் எதிர்ப்பக்கம் ஒட்டிக்கொண்டு கிடந்தது. மூவரி கூப்பிட்டாள். ஆடிக் காற்றின் ஊளையில் அவள் குரல் கரைந்தது.

கொண்டையனுக்கு ஒன்று தோன்றியது. ஓட்டையின் விளிம்பில் அலகை வைத்தான்.

"டொக்கு டக டக... டொக்கு டக!"

அந்தப் பிள்ளை பிறந்த நாளிலிருந்து கேட்ட சத்தம் அது. அதைக் கேட்டுக்கொண்டுதான் பால் குடித்தது. அதைக் கேட்டுக்கொண்டுதான் தூங்கியது. குட்டி தலையைத் தூக்கியது. சத்தம் வந்த பக்கம் ஊர்ந்தது.

"டொக்கு டக டக... வாடா செல்லம்... டொக்கு டக!"

ஓட்டையில் ஓர் இளஞ்சிவப்பு மூக்கு தெரிந்தது. மூவரி பாய்ந்து கவ்வினாள். கவ்விய வேகத்தில் ஓடினாள். கொண்டையனும் சிறகடித்து விலகினான்.

மடமடவென்று வாகை சாய்ந்தது. குளத்துத் தண்ணீர் கரைக்கு மேல் எழும்பி அடங்கியது.

வேம்பின் கிளையில் மூவரி குட்டிகளை ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்தாள். மூன்றும் சரியாக இருந்தன. அப்புறம்தான் கொண்டையன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இந்த நன்றியை நான் எப்படிச் சொல்லுவேன்..."

"நீ சொல்லாதே தங்கச்சி. சொல்ல வேண்டியவன் நான்." கொண்டையன் விழுந்து கிடந்த வாகையைப் பார்த்தான். "நேத்து நீ என்னைத் தூங்க வைக்கலேன்னா இன்னைக்கு எனக்குக் காது கேட்டிருக்காது. நீ ஊட்டின எறும்பு முட்டைதான் இப்பத் துளை போட்டுச்சு. அந்த வாகையும் பாவம், சரியாத்தான் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நான்தான் பாட்டுன்னு நினைச்சுட்டேன்."

"பாட்டும்தாண்ணே. அது இல்லேன்னா என் புள்ளை வெளியே வந்திருக்காது."

காற்று அடங்கி, குளத்தில் மறுபடி வானம் தெரிந்தது.

அன்று சாயங்காலம் கச்சேரி நடக்கத்தான் நடந்தது. விழுந்து கிடந்த வாகை மேலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் வாசித்தான் கொண்டையன். மரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் தொடங்கினான். இருட்டத் தொடங்கியதும் எழுந்துவிட்டான்.

"இன்னும் ஒண்ணு அண்ணே! ஒண்ணே ஒண்ணு!" என்றன தவிட்டுக்குருவிகள்.

"நாளைக்கு வாங்கடி. எனக்குத் தூக்கம் வருது."

புதரிலிருந்து ஓணான் தலையாட்டினார்.

"ஐயா, உண்மையைச் சொல்லுங்க. நல்லா இருந்துச்சா?"

"எனக்குக் கழுத்தே அப்படித்தான்ப்பா," என்றார் ஓணான். "ஆனா இன்னைக்கு நிஜமாவே ஆட்டினேன்."

மறுநாள் விடியல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்கு வந்தது. வேம்பின் புதுப் பொந்துக்குள்ளிருந்து மூவரி எட்டிப் பார்த்தாள்.

"எங்க புது மரம் எப்படிண்ணே?"

கொண்டையன் நாலு தட்டுத் தட்டினான். தலையைச் சாய்த்து, நிதானமாகக் கேட்டான். "கல்லு மாதிரி இருக்கு தங்கச்சி," என்று சொல்லிவிட்டு, ஈர இறகை ஒருமுறை உதறி, அடுத்த மரத்துக்குப் போய்த் தட்டத் தொடங்கினான்.

வேலையையும் உடம்பையும் கைவிட்டு வளர்க்கும் கலை பொந்து விழுந்த மரத்தின் இனிமைதான். வேளைக்கு உழைத்து, வேளைக்கு உறங்கி, மிஞ்சிய பொழுதில் மனசாரத் தட்டுகிற தாளமே நிலைத்து நிற்கும்.