நாலாவது விசிறி

“அந்தக் கிழட்டுப் பெட்டியில் அப்படி என்னதான் இருக்கிறது, டீச்சர்?”

தாண்டவராயன் இதைக் கேட்பது மூன்றாவது முறை.

செண்பகவல்லி டீச்சர் எழுந்து போய் அந்தப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அதுதான் பதில் என்றால், அது அவனுக்கு விளங்கவில்லை.

கோவில்பட்டிக்கு வெளியே, மூடிப்போன ஒரு தீப்பெட்டி ஆபீஸில் டீச்சர் ஒரு சேவையை நடத்திவந்தார். பார்வையில்லாத பிள்ளைகளுக்காக யாராவது பாடப்புத்தகத்தைப் படம் பிடித்து அனுப்புவார்கள். கம்ப்யூட்டர் அதை வாசித்துக் குரலாக்கித் திருப்பி அனுப்பும். கட்டணம் கிடையாது.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. திரையில் எது வந்தாலும், எந்த மொழியில் வந்தாலும், அதைத் தமிழில் வாய்விட்டு வாசிக்க வேண்டும். யாருக்காக இந்த வேலையோ அவர்களுக்குத் திரை தெரியாது, நமக்கு மட்டும் எதற்கு என்பார் டீச்சர்.

வேலை பழக வந்தவர்கள் இரண்டே பேர். இருவருமே டீச்சரைவிட வயதில் மூத்தவர்கள்.

பிச்சமுத்து, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். பழைய சர்வர் அவர் பொறுப்பு. ஏதோ ஒரு வங்கி கழித்துப்போட்ட பெட்டி அது. வயது பதினான்கு. உள்ளே இரண்டு பிராசசர், ஒவ்வொன்றிலும் தனித்தனியாக வேலை செய்யும் பத்து கோர். எல்லாம் ஆமை நடை. ஓடும்போது மாவு மில் மாதிரி இரையும்.

தாண்டவராயன், டெலிபோன் ஆபீஸில் விருப்ப ஓய்வு வாங்கியவன். அவன் கொண்டுவந்தது புது டெஸ்க்டாப். போன வருஷத்து பிராசசர். எட்டே கோர்தான். ஆனால் சர்வர் நாற்பது நிமிஷம் எடுக்கும் பாடத்தை இது பன்னிரண்டு நிமிஷத்தில் முடித்துவிடும். பக்கத்தில் தூங்கலாம், சத்தம் வராது.

மூன்று முறை ஓட்டிக் காட்டினான். மூன்று முறையும் டீச்சர், “நல்ல வேகம், சார்” என்றார். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு சர்வர் பக்கம் போய்விட்டார்.

அந்த ‘சார்’தான் அவனை அறுத்தது. பிச்சமுத்துவை அவர் அண்ணாச்சி என்று கூப்பிடுவார். அண்ணாச்சியும் டீச்சரும் அந்த இரைச்சலுக்குள் ஏதோ பேசிச் சிரிப்பார்கள். என்ன பேசுகிறார்கள் என்று அவனுக்குக் கேட்காது. சத்தமே இல்லாத தன் பெட்டிக்கு முன்னால் அவன் தனியாக உட்கார்ந்திருப்பான்.

சித்திரை பிறந்ததும் டீச்சர் ஒரு செய்தி சொன்னார். நாகர்கோவிலில் இதே போல இன்னொரு இடம் தொடங்கப் போகிறார். ஆறு மாதம் அங்கேதான் இருப்பார். இரண்டு இடத்துக் கரண்ட் பில்லையும் கட்ட வேண்டியிருப்பதால் இனி இங்கே ஒரு பெட்டிதான் ஓட முடியும். எது ஓடுகிறதோ அதைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சாவி இருக்கும்.

எந்தப் பெட்டி என்று தாண்டவராயன் கேட்டான்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இரண்டுக்கும் நாற்பது பாடம் கொடுப்போம், முதலில் முடிப்பது இருக்கட்டும் என்றார் டீச்சர்.

பிச்சமுத்து தலையாட்டிவிட்டு அவனிடம் சொன்னார்: “உங்களுது காரு, நம்மளுது டவுன் பஸ்ஸு. காரு முந்தும். ஆனா நாப்பது பேரு நிக்கிற ஸ்டாப்புல காரு எத்தனை நடை அடிக்கும், சொல்லுங்க.”

வேடிக்கையாகத்தான் சொன்னார். அவன் வீட்டுக்குப் போய்க் காகிதத்தை எடுத்தான்.

ஒரு பாடம் ஓடப் பிடிக்கும் நினைவகத்தைக் கணக்குப் பார்த்தால், அவன் பெட்டியில் ஒரே சமயத்தில் ஐந்து பாடம்தான் கொள்ளும். எட்டு நடை. தொண்ணூற்றாறு நிமிஷம். சர்வரில் இருபது கொள்ளும். இரண்டே நடை. எண்பது நிமிஷம்.

பதினாறு நிமிஷ வித்தியாசத்தில் தோற்றுவிடுவான்.

காகிதத்தைக் கிழித்தான். பிச்சமுத்துவின் சிரிப்பு மட்டும் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை யாரும் வருவதற்கு முன்னால், பின்கதவின் தளர்ந்த தாழ்ப்பாளை நெம்பி உள்ளே போனான். சர்வரின் மேல்மூடியைத் திறந்தான். ஆறு விசிறி வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. நாலாவதைப் பிடித்து இழுத்தான். அலமாரி இழுப்பறை மாதிரி கையோடு வந்தது. பெட்டி நிற்கவில்லை. இரைச்சல் மட்டும் ஏறியது. மூடியை மூடினான். விசிறியைச் சாப்பாட்டுப் பைக்குள், தயிர்ச்சாதத்துக்கு அடியில் வைத்தான்.

ஒன்பது மணிக்கு இரண்டும் ஓடத் தொடங்கின.

சர்வர் என்றுமில்லாமல் அலறியது. பிச்சமுத்து அதன் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தார். வெயில் அதிகம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மூலையில் கிடந்த மேசை விசிறியைக் கொண்டுவந்து வைத்தார். சர்வர் பக்கம் திருப்பினார். ஒரு கணம் யோசித்தார். பிறகு டெஸ்க்டாப்புக்கும் காற்று படும்படி நடுவில் நகர்த்தி வைத்தார்.

தாண்டவராயன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டான்.

பத்து முப்பத்தாறுக்கு டெஸ்க்டாப் முடித்தது. சர்வர் பதினொன்று இருபதுக்கு.

“காரு ஜெயிச்சிருச்சு,” என்றார் பிச்சமுத்து. “பிள்ளைகளுக்குச் சீக்கிரம் கிடைச்சா நல்லதுதானே.”

அந்தக் குரலில் தாண்டவராயன் தோற்றவனின் எரிச்சலைத் தேடினான். அது அங்கே இல்லை.

டீச்சர் சாவியை அவன் கையில் வைத்தார். மறுபேச்சு இல்லை. பிறகு, சர்வரை அணைக்கும் முன் அதன் பதிவை ஒருமுறை வாசித்துவிடுங்கள் என்றார்.

“என்ன பதிவு?”

வீட்டுப் பெட்டிகளோடு மட்டுமே பழகியவன் அவன். சர்வர் தனக்கு நடப்பதையெல்லாம் தானே வரிவரியாக எழுதி வைத்துக்கொள்ளும் என்பது அவனுக்குத் தெரியாது. டீச்சர் திரையில் அதைத் திறந்து வைத்தார்.

அவன் பார்த்தான்.

“வாசிங்க, சார்.”

வாசித்தான்.

“காலை ஏழு பத்து. மேல்மூடி திறக்கப்பட்டது.”

பிச்சமுத்து நிமிர்ந்தார்.

“ஏழு பதினொன்று. நாலாவது விசிறி இல்லை. மற்ற விசிறிகளின் வேகம் கூட்டப்பட்டது.”

“ம்,” என்றார் டீச்சர்.

“ஏழு பன்னிரண்டு. மேல்மூடி மூடப்பட்டது. ஒன்பது மணி. வேலை தொடங்கியது.” அடுத்த வரிக்கு நகர்ந்தான். “ஒன்பது இருபத்தைந்து. சூடு அதிகம். பிராசசர் வேகம் குறைக்கப்பட்டது. வேலை தொடர்கிறது. பதினொன்று இருபது. நாற்பது பாடமும் முடிந்தது. பிழை இல்லை.”

பிச்சமுத்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர்தான் கேட்டார். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போல இருந்தது.

“பக்கத்துப் பெட்டி முந்திருச்சே. அதைப் பத்தி என்ன எழுதியிருக்கு?”

அவன் தேடினான். இன்றைக்கு இல்லை. மேலே தள்ளினான். அவன் டெஸ்க்டாப்பை ஓட்டிக் காட்டிய மூன்று நாட்களையும் தேடிப் பிடித்தான். இத்தனை மணிக்கு வேலை வந்தது, இத்தனை மணிக்கு முடிந்தது. டெஸ்க்டாப் வந்திறங்கிய நாளுக்குப் போனான். அன்றைக்குச் சர்வர் ஒன்பது பாடம் முடித்திருந்தது. இன்னும் மேலே போனான். வங்கியில் இருந்த வருஷங்கள் ஓடின. விரல் வலித்தது.

“ஒரு வரிகூட இல்லை, டீச்சர்.”

டீச்சர் எழுந்து போய்த் தன் பயணப் பையைக் கட்ட ஆரம்பித்தார்.

தாண்டவராயன் சாப்பாட்டுப் பையைத் திறந்தான். விசிறியில் ஈரம் பட்டிருந்தது. வேட்டி முனையால் துடைத்தான். மூடியைத் திறந்து நாலாவது இடத்தில் வைத்து அழுத்தினான். அலறல் மெல்ல மெல்லத் தணிந்து, பழைய மாவு மில் இரைச்சலாக ஆனது.

மூடியை மூடி, சாவியை அதன் மேல் வைத்தான். பிச்சமுத்துவின் பக்கமாகத் தள்ளினான். அவர் அதை எடுக்கவில்லை. திரையைக் காட்டினார்.

“புதுசா என்னமோ வந்திருக்கு. வாசிங்க.”

“மேல்மூடி திறக்கப்பட்டது. நாலாவது விசிறி வந்தது. மற்ற விசிறிகளின் வேகம் குறைக்கப்பட்டது. மேல்மூடி மூடப்பட்டது.”

“அப்புறம்?” என்றார் டீச்சர், பையைக் கட்டியபடியே.

தாண்டவராயன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“அவ்வளவுதான், டீச்சர்.”