சமையற்கட்டுக்குப் போன தம்பி

ஆற்றங்கரை ஆசிரமம் ஒன்றில் ஒரு வழக்கம் இருந்தது. குருவைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் சீடர்களில் ஒருவரிடம் மனக்குறையை இறக்கிவைக்க வேண்டும். யாரிடம் என்பது வந்தவர் இஷ்டம்.

மூத்த சீடர் சபாரத்தினம் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார். ஐம்பத்தெட்டு வயது, குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இரண்டாயிரம் பாட்டு மனப்பாடம். எந்தக் கவலைக்கும் ஒரு பாட்டு வைத்திருப்பார். ஆனால் வந்தவர்கள் அவரைக் கும்பிட்டுவிட்டு நேரே சமையற்கட்டுக்குப் போனார்கள்.

அங்கே இன்னொரு சீடன் தேசிங்கு இருந்தான். முன்னாள் லாரி டிரைவர். அவனுக்குப் பாட்டு ஒன்றுகூடத் தெரியாது. உலை கொதிக்கும் நேரத்தில் நாவல் படிப்பான். யாராவது வந்தால் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சொல்லுங்கண்ணே" என்பான். அவ்வளவுதான்.

சபாரத்தினத்துக்கு வயிறு எரிந்தது. துறவிக்கு எரியக் கூடாது என்று தெரியும். தெரிந்தும் எரிந்தது.

ஒரு திங்கட்கிழமை அவருடைய சொந்தத் தம்பி மாசிலாமணி வந்தான். ஆறு வருஷம் கழித்து வருகிறான். முகத்தில் தாடி மண்டியிருந்தது. அண்ணன் முன்னால் உட்கார்ந்து, "அண்ணே, வீட்டுல..." என்று ஆரம்பித்தான்.

"எல்லாம் மாயை, மணி" என்று சபாரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டை எடுத்தார். பொருள் சொன்னார். கையோடு இன்னொன்றும் பாடினார். கண்ணைத் திறந்தால் எதிரே ஆளில்லை. தம்பி சமையற்கட்டில் தேசிங்கின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தான்.

ஊரார் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டவருக்கு உடன்பிறந்தவன் போனதைப் பொறுக்க முடியவில்லை. குருவிடம் போனார்.

"சாமி, அவன்கிட்ட அப்படி என்ன இருக்கு?"

குரு துவைத்த வேட்டியை உதறிக்கொண்டிருந்தார். "அவன் படிக்கிறதை நீங்களும் படிச்சுப் பாருங்களேன்."

"கதைப் புத்தகத்தையா? போகாத ஊருக்கு வழி சொல்றதையா?"

"ஆமா" என்று குரு வேட்டியைக் கொடியில் போட்டார்.

அன்று பிற்பகல் தேசிங்கு ஆற்றுக்குப் போன நேரம் பார்த்து, சபாரத்தினம் அந்த நாவலின் கடைசிப் பத்துத் தாளைக் கிழித்து மடியில் கட்டிக்கொண்டார். முடிவு தெரியாமல் தவிக்கட்டும் பயல்! பொய்யைக் கிழிப்பதில் பாவமில்லை என்று தனக்குத் தானே ஒரு விதியும் செய்துகொண்டார்.

அப்படி என்னத்தைக் கிழித்தோம் என்று பார்க்கத் தோப்பில் உட்கார்ந்து பிரித்தார்.

கதையில், இருபது வருஷம் கழித்து ஒருத்தியின் புருஷன் திரும்பி வருகிறான். அவள் வாசலிலேயே இலை போட்டுப் பரிமாறுகிறாள். உள்ளே கூப்பிடவில்லை. என்ன பொம்பளை இவள் என்று சபாரத்தினம் கோபப்பட்டார். அவன் சாப்பிட்டு முடித்து இலையை மடிக்கிறபோது, அவள் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். சபாரத்தினம் மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். இன்னொரு தடவை படித்தார். அப்போதும் துடைத்தார்.

முன்கதை சமையற்கட்டில் தேசிங்கிடம் இருந்தது. அவனிடம் போய்க் கேட்பதா? இரண்டு நாள் வீம்பாக இருந்தார். மூன்றாம் நாள் குருவின் முன்னால் தாள்களை வைத்தார்.

"நான்தான் கிழிச்சேன், சாமி. பொறாமை. என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க. ஆனா இவ ஏன் அவனை உள்ள கூப்பிடலை? அதுக்கு முன்னாடி இவளுக்கு என்ன நடந்துச்சு? எனக்குச் சோறு இறங்கலை."

"இவளுக்கு ஒரு பாட்டுச் சொல்லிடலாமே?"

"என்ன நடந்துச்சுன்னே தெரியாம எந்தப் பாட்டைச் சொல்றது, சாமி?"

குரு தாள்களை அடுக்கி அவர் கையிலேயே கொடுத்தார்.

"தேசிங்குகிட்டக் கேளுங்க, சொல்லுவான்" என்றார். பிறகு சமையற்கட்டுப் பக்கம் பார்த்தார். வந்த நாளிலிருந்து அங்கேயே தங்கிவிட்ட மாசிலாமணி தலை குனிந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தான்.

"உங்க தம்பிக்கு என்ன நடந்துச்சு?"

சபாரத்தினம் வாயைத் திறந்தார். அவருக்குத் தெரியவில்லை.