ராஜாவின் பலத்தைத் தின்ற செவலை

வெகு காலத்துக்கு முன்னால், பொன்னிலந்தை நாட்டைக் கம்பீரபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம். காலையில் ஓர் உத்தரவு போட்டால் மாலையில் அதற்கு நேர்மாறாக இன்னொன்று போடுவார். அவருடைய மந்திரி மருதவாணர். வாய் கொஞ்சம் நீளம், புத்தி அதைவிட நீளம்.

மடைப்பள்ளிக்கு அதிகாரி ரத்னசபேசர். ராஜா மருதவாணரிடம் சிரித்துப் பேசினாலே இவருக்கு வயிறு எரியும். மந்திரி ஆசனத்தைப் பிடிக்க வழி தேடியவர், ராஜாவின் இலையில் கைவைத்தார். மகாராஜா சாப்பிடுவது வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் செய்தார். அரிசியைத் தவிட்டு வாசனைகூட மிஞ்சாமல் தீட்டித் தீட்டி மல்லிகை மொட்டாக்கினார். உளுந்தில் தோல் கூடாது. கேழ்வரகும் கம்பும் கறுப்பு என்று வாசலோடு நின்றுபோயின. கீரையா, அது ஆடுமாடு தின்பது. மீதி இடத்தையெல்லாம் சீனிப்பாகும் பால்கோவாவும் அடைத்துக்கொண்டன. ராஜாவும் பூரித்துப்போனார். பார்க்க அழகாக இருந்தால் அவருக்குப் போதும்.

கொஞ்ச காலத்தில் ராஜாவுக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது. பல் துலக்கினால் ஈறில் ரத்தம். ஆயுத பூஜையன்று பரம்பரை வாளை உருவப்போனவர், கை நடுங்கிப் பாதியிலேயே விட்டுவிட்டார். சபையே தலையைக் குனிந்துகொண்டது. அப்போது ரத்னசபேசர் மெல்ல அருகில் வந்து, இது நோயே அல்ல, யாரோ மகாராஜாவின் பலத்தைத் திருடுகிறார்கள், இந்த வயதிலும் மந்திரி மட்டும் எப்படித் தாவிக் குதிரையேறுகிறார் என்று காதில் ஓதினார்.

அவமானத்தில் வெந்துகொண்டிருந்த ராஜாவுக்கு அது போதுமானதாக இருந்தது. நாளைச் சபையில் திருடனைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் நீர்தான் திருடன், குடும்பத்தோடு எல்லை தாண்டிப் போய்விடும் என்று மருதவாணரிடம் சொல்லிவிட்டார்.

மருதவாணர் வீட்டுக்குப் போய்ச் செய்தியைச் சொன்னார். வீட்டில் மனைவி அழுதுகொண்டே பாத்திரங்களை மூட்டை கட்டினாள். ராஜாவின் பலம் குறைந்த காரணம் மருதவாணருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தவிடும் கீரையும் சாப்பிடுங்கள் என்று நேராகச் சொன்னால், மாட்டுத் தீனியைத் தின்னச் சொல்கிறாயா என்று ராஜா தலையையே வாங்கிவிடுவார். ராஜாவின் பெருமையில் ஒரு கீறலும் விழாமல் கீரை இலைக்கு வர வேண்டும். அதை நினைத்தபடி நடந்தவர் அரண்மனை மாட்டுக் கொட்டிலைக் கடக்கும்போது சட்டென்று நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போய், மூட்டையை அவிழ்க்கச் சொன்னார்.

மறுநாள் சபையில் ரத்னசபேசர் புதுப்பட்டு உடுத்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மருதவாணர் நேராக அவரிடமே போனார்.

“ஒரு சின்ன சந்தேகம் ஐயா. அரண்மனைக் களஞ்சியத்துக்கு வரும் தானியம் யாருக்குச் சொந்தம்?”

“தோலிலிருந்து பருப்புவரை மகாராஜாவுக்குத்தான் சொந்தம். இதென்ன கேள்வி?”

“அவர் உத்தரவில்லாமல் அதை ஒருவர் எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தால்?”

மந்திரி தன் கழுத்துக்குத் தானே சுருக்குப் போடுகிறார் என்று ரத்னசபேசருக்கு ஒரே குஷி. சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். “கொடுத்தவனும் திருடன், தின்றவனும் திருடன். களவுபோனதை மீட்டு உடையவரிடம் சேர்க்க வேண்டும். அதுதானே நம் நாட்டுச் சட்டம்?”

ராஜாவும் தலையசைத்தார். உடனே மருதவாணர் திருடனைக் கொண்டுவரச் சொன்னார். கழுத்து மணி குலுங்க உள்ளே வந்தது ஒரு செவலைப் பசு. உடம்பெல்லாம் எண்ணெய் தடவியதுபோல் மினுமினுத்தது. சேவகர்கள் எவ்வளவு இழுத்தும் அது தன் இஷ்டத்துக்குத்தான் நடந்தது. சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை.

“என்ன விளையாட்டு இது, மருதவாணரே?”

“விளையாட்டில்லை மகாராஜா. உங்கள் அரிசியின் தவிடு, உங்கள் உளுந்தின் தோல், வடித்த கஞ்சி, கேழ்வரகு, தோட்டத்து முருங்கைக்கீரை எல்லாம் நித்தம் இவள் தொட்டிக்குத்தான் போகின்றன. உங்கள் இலைக்கு வந்தது வெறும் வெள்ளை நிறம். உங்கள் பலம் இந்த உடம்பில் இருக்கிறது, பாருங்கள்.”

ரத்னசபேசர் பதறி எழுந்தார். அதெல்லாம் கழிவு, ராஜபோஜனத்தை முன்னால் வைத்தால் மாடுகூடத் தவிட்டைத் திரும்பிப் பார்க்காது என்று சாதித்தார். பார்த்துவிடலாமே என்றார் மருதவாணர். வெள்ளித் தட்டில் ராஜபோஜனமும் பக்கத்தில் தவிட்டுத் தொட்டியும் வந்தன. செவலை தட்டை முகர்ந்தது. பிறகு மூக்கால் அதை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தொட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. மருதவாணர் அந்தச் சமயத்தை விடவில்லை.

“களவுபோனது உங்கள் சொத்து. சொந்தச் சொத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதில் ராஜாவுக்கு என்ன குறைச்சல்?”

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஒரு குறைச்சலும் இல்லை. என் தவிடு, என் கீரை. ஒரு பிடிகூட விடமாட்டேன்.”

அன்றைக்கே அரண்மனை இலை நிறம் மாறியது. கைக்குத்தல் அரிசிச் சோறு, தோலோடு அரைத்த உளுந்தங்களி, கம்பங்கூழும் மோரும், கொள்ளுத் துவையல், முருங்கைக்கீரைப் பொரியல், நெல்லிக்காய். அடுத்த ஆயுத பூஜைக்கு ராஜா வாளை ஒரே இழுப்பில் உருவியபோது சபை எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. மருதவாணரைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்து, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் போட்டார் ராஜா. மந்திரிக்குக் கண் கலங்கிவிட்டது.

ரத்னசபேசருக்கு அவர் வாயாலேயே தீர்ப்பு வந்துவிட்டதே. தினமும் ராஜாவுக்கு வேண்டிய நெல்லை அவரே உரலில் குத்த வேண்டும். பங்கை இழந்த செவலைக்கு ஆற்றங்கரையில் புல் அறுத்துவந்து போட வேண்டும்.

ஒருநாள் மருதவாணர் மடைப்பள்ளியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, புல்லுக்கட்டை இறக்கிவைத்த ரத்னசபேசர் வியர்வை வழிய உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தார். சமையல்காரன் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் பரிமாறினான். உருண்டை மறைந்த வேகத்தைப் பார்த்து அவனுக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை.

“ஐயா, இது மாடு தின்பதாயிற்றே?”

ரத்னசபேசர் தலை நிமிரவில்லை. இலையைத்தான் முன்னால் நகர்த்தினார்.

“பேசாமல் இன்னொரு உருண்டை வையப்பா.”